ஒன்றரைக் கிலோ இரும்பு

ஜூன் 11, ஞாயிறு

பம்ப் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி ஐந்து மாதமாக லேத் பக்கத்தில் எண்ணெய் குடித்துக் கிடந்தது. இன்று முதல் எழுதுகிறேன். கழற்றுகிற வேலையில் எந்த போல்ட் எங்கே இருந்தது என்று எழுதி வைக்காவிட்டால், மாட்டுகிற அன்று முழிக்க வேண்டியதுதான். இது வண்டிக்கான டைரி. என் புராணம் எழுதுவதற்கு இல்லை.

ராஜுலுவின் காரைச் சூலூரிலிருந்து கணபதிக்கு டெம்போவில் ஏற்றிக் கொண்டுவந்து என் பட்டறையில் இறக்கினோம். 2002 மாடல், சிவப்பு, இத்தாலிக்காரன் டிசைன். சின்ன வண்டிக்குள் 1600 சிசி எஞ்சின். அந்தக் காலத்தில் இதைவிட இரண்டு மடங்கு பெரிய வண்டிகளுக்கெல்லாம் இது மலைப்பாதையில் தண்ணி காட்டியிருக்கிறது. ராஜுலு ஓட்டுவான். நான் இடது சீட்டில் மடியில் நோட்டோடு உட்கார்ந்து அடுத்த வளைவைச் சொல்வேன். நான்கு வருடம் ராலி ஓட்டினோம். ஒரு கோப்பை, மூன்று இரண்டாம் பரிசு. பிறகு அவனுக்கு மில், எனக்குப் பட்டறை, பிள்ளைகள் கல்யாணம். மில்லை மூடியதிலிருந்து எட்டு வருடமாக வண்டி அங்கே பஞ்சு கொடோனில் தார்ப்பாய்க்குக் கீழே நின்றது.

டெம்போ போனதும் ராஜுலு பானெட் மேல் கையை வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னான்.

"நாச்சி, கண் டாக்டர் சொல்லிட்டாரு. ரெண்டு கண்லயும் பிரஷராம். நரம்பு ஓரத்துலருந்து செத்துட்டே வருது. போன பார்வை திரும்பாது. மருந்து ஊத்துனா அப்படியே நிக்கலாம், நிக்காமயும் போலாம்."

"இப்ப ஓட்டலாமா?"

"பகல்ல ஓட்டலாங்கறாரு. இப்போதைக்கு. ஜனவரி இருவதாந் தேதி லைசென்ஸ் முடியுது. அப்பறம் கண் டெஸ்ட்டுல நான் தேற மாட்டேன். அதுக்குள்ள ஒருக்கா, ஆழியாறுலருந்து வால்பாறைக்கு. நாப்பது கொண்டை ஊசியும் இதே வண்டில, நீயும் நானும். அவ்வளவுதான்டா நான் கேக்கறது."

மூன்று மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்றேன். செப்டம்பரில் மழையும் குறைந்திருக்கும்.

ஜூன் 13, செவ்வாய்

உள்ளே திறந்து பார்த்தேன். சீட்டுக்கடியில் எலிக் கூடு. ரேடியேட்டர் போச்சு. பெட்ரோல் டேங்கில் கருப்புக் கூழ். டைமிங் பெல்ட்டில் விரலை வைத்தால் பொடியாக உதிர்கிறது. தரையில் டிரைவர் காலடியில் உள்ளங்கை அகலத்துக்குத் துரு. எஞ்சின் கையால் சுற்றினால் சுற்றுகிறது, அது போதும்.

டேஷ்போர்டு பெட்டியில் எங்கள் பழைய வால்பாறை நோட்டு இருந்தது. எலி தொடவில்லை. ராலிக்குப் பழகுவதற்காக 2004இல் நாங்களே மலை ஏறி, ஒவ்வொரு வளைவையும் எழுதி வைத்தது. ஒன்று என்றால் கிட்டத்தட்ட நின்று திரும்ப வேண்டும். ஆறு என்றால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவே வேண்டாம். 'இடது மூணு, அறுபது மீட்டர், வலது ஒண்ணு, உள்ளே கல்' என்று பக்கம் பக்கமாக என் கையெழுத்து. எழுத்து அப்போது நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

ஜூலை 9, ஞாயிறு

துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் வைத்தேன். ராஜுலு வந்து முழு நாளும் கூட இருந்தான். டீ டம்ளரை அவன் இடது கைப் பக்கம் ஸ்டூலில் வைத்தேன், தட்டிவிட்டான். பட்டறையில் இடம் குறுகல். ஸ்டூலை நகர்த்தி வைக்க வேண்டும்.

மரகதம் வந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, நம்ம பொண்ணு கல்யாணத்துக்குக் கூட இத்தன நாள் கடைக்கு லீவு உட்டிருக்க மாட்டீங்க" என்றாள். ராஜுலு விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. லீவெல்லாம் விடவில்லை, பம்ப் ஷாஃப்ட் வேலை ஒரு பக்கம் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

ஜூலை 23, ஞாயிறு

வயரிங் முழுக்கப் புதிது. முதுகு வலி.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

ஸ்டார்ட் ஆனது. நான்காவது தடவை சாவியைத் திருப்பியதும் ஒரு இருமல், பிறகு பிடித்துக்கொண்டது. ராஜுலுவைத்தான் சாவி போடச் சொன்னேன். எட்டு வருடத்துப் புகை பட்டறை முழுக்க. அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி அந்தச் சத்தத்தைக் கேட்டான். புகை எரிச்சல் என்று கண்ணைத் துடைத்தான். எனக்கும் அதே எரிச்சல்தான்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

ஒரு அங்குலம் தாழ்வான ஸ்பிரிங், கொஞ்சம் கெட்டியான ஷாக் அப்சார்பர், முன்னால் புது டிஸ்க். நல்ல பிடிமானமுள்ள டயர். பெரிதாக எதுவும் செய்யக் கூடாது என்று இருவரும் முடிவு செய்திருக்கிறோம். ராஜுலு ஒரே நிபந்தனைதான் போட்டான்: பழைய ஸ்டியரிங்கை மாற்றக் கூடாது. அதன் உச்சியில் அவன் சுற்றிய சிவப்பு நூல் இன்னும் இருக்கிறது. வேகத்தில் சக்கரம் நேராக இருக்கிறதா என்று விரலால் தெரிந்துகொள்வதற்கு அவன் வைத்த குறி.

செப்டம்பர் 3, ஞாயிறு

நான் அன்னூர் வரை ஓட்டிப் பார்த்தேன். பிரேக் நேராகப் பிடிக்கிறது, ஸ்டியரிங் எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. வண்டி தயார் என்றே சொல்லலாம். ராஜுலுவுக்குப் போன் செய்து சொன்னேன். "நான் எப்படா ஓட்டறது?" என்றான். அடுத்த ஞாயிறு என்றேன்.

செப்டம்பர் 10, ஞாயிறு

ராஜுலு ஓட்டினான். சிறுவாணி ரோடு, காலை எட்டு மணி. நான் என் பழைய இடத்தில், இடது சீட்டில். கை அதே கைதான். மூன்றாவது கியரிலிருந்து இரண்டுக்கு வரும்போது பிரேக்கில் இருக்கிற பாதத்தின் ஓரத்தாலேயே ஆக்சிலேட்டரைத் தட்டுகிற அந்தப் பழக்கம் போகவில்லை. எஞ்சின் நன்றாக இழுக்கிறது.

மாதம்பட்டி தாண்டி இடது பக்கச் சந்திலிருந்து பால்காரர் ஒருவர் மொபெட்டில் வந்தார். ஒன்றும் ஆகவில்லை. ஹேண்ட் பிரேக் நன்றாகப் பிடிக்கிறது, பின்சக்கரம் இரண்டும் ஒரே நேரத்தில் பூட்டுகின்றன. டெம்பரேச்சர் சரி. ஆயில் கசிவு இல்லை.

திரும்பும்போது அவன் மெதுவாகவே ஓட்டினான். வீட்டுக்கு வந்து காபியை ஆற்றும்போது பாதியைக் கீழே ஊற்றிவிட்டேன். காலையில் வெறும் வயிற்றில் போனதால் இருக்கும்.

செப்டம்பர் 12, செவ்வாய்

இரண்டு நாளாக யோசித்ததில் ஒன்று தோன்றுகிறது. வண்டி வேகம் எடுப்பதில் கொஞ்சம் மந்தம். பிளைவீல்தான் காரணம். எஞ்சினுக்குப் பின்னால் சுற்றுகிற அந்த இரும்புச் சக்கரம் இந்த வண்டிக்குக் கனம் அதிகம். லேத்தில் போட்டு ஒன்றரைக் கிலோ கடைந்து எடுத்தால், மிதித்த மாத்திரத்தில் எஞ்சின் துள்ளும். கொண்டை ஊசி வளைவில் அது பெரிய உதவி. கியர் பாக்ஸை இறக்கி, கடைந்து, பேலன்ஸ் பார்த்து, மறுபடி ஏற்ற ஆறு நாள் ஆகும்.

அவசரம் இல்லை. பிறகு பார்க்கலாம்.

செப்டம்பர் 17, ஞாயிறு

ராஜுலு கூப்பிட்டான். "அடுத்த ஞாயித்துக்கெழம. காலைல அஞ்சு மணிக்குக் கெளம்பிரலாம். வீட்டுல சுலோச்சனா எலுமிச்சஞ்சோறு கட்டித் தர்றாளாம். நான் ஆட்டோல வந்தர்றேன்."

செரி என்றேன்.

அவன் ஏன் ஆட்டோவில் வருகிறான் என்று கேட்கவில்லை. ஸ்கூட்டர் சர்வீஸுக்கு விட்டிருப்பான்.

செப்டம்பர் 20, புதன்

வேலை ஓடவில்லை. ஒரே ஷாஃப்ட்டை இரண்டு தடவை சைஸ் குறைத்துக் கெடுத்துவிட்டேன். முப்பது வருடத்தில் இப்படி நடந்ததில்லை.

செப்டம்பர் 23, சனி

காலை ஏழு மணிக்கு ஆரம்பித்து மதியத்துக்குள் கியர் பாக்ஸை இறக்கினேன். பிளைவீல் வேலையை இப்போதே முடித்துவிடுவது நல்லது. அரைகுறை வண்டியில் மலை ஏறுவது சரியில்லை. எதையும் முறையாகச் செய்ய வேண்டும்.

மரகதம் சாப்பாட்டோடு வந்தவள், வண்டி நான்கு ஸ்டாண்டில் நிற்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள். "நாளைக்குக் காலைல அண்ணன் வர்றாங்கல்லங்க?"

"அதுக்குள்ள ஆயிரும்."

அவள் தூக்குப் போசியை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

செப்டம்பர் 24, ஞாயிறு

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே ஆட்டோ சத்தம் கேட்டது. ராஜுலு பழைய ராலி ஷூ போட்டுக்கொண்டு வந்திருந்தான். ஒரு கையில் சாப்பாட்டுப் பை, ஒரு கையில் பிளாஸ்க். பட்டறை விளக்கைப் போட்டேன். வண்டியின் அருகில் வந்து பானெட்டைத் தொட்டு, அப்படியே கையை ஓட்டிக்கொண்டே முன்சக்கரத்துப் பக்கம் குனிந்தான். சக்கரம் தரையில் இல்லை என்பது கையில் தட்டுப்பட்டதும் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை.

"என்னடா ஆச்சு?"

"பிளைவீல் கொஞ்சம் கனமாப் பட்டுது. ஒன்றரைக் கிலோ எடுத்துட்டா மலைல சும்மா பிச்சுக்கும். இன்னும் ரெண்டு வாரம்டா. பொறுத்ததுதான் பொறுத்தோம்."

அவன் என்னமோ சொல்ல வாயெடுத்தான். "செரி, பரவால்ல உடு" என்றான். பிறகு கதவைத் திறந்து, ஸ்டாண்டின் மேல் நிற்கிற வண்டியில் ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தான். நான் பதினேழாம் நம்பர் ஸ்பானரைத் தேடுகிற மாதிரி பெட்டியைக் குடைந்துகொண்டிருந்தேன். அது என் சட்டைப்பையில்தான் இருந்தது.

எலுமிச்சம் சோற்றைப் பட்டறையிலேயே இருவரும் சாப்பிட்டோம். நன்றாக இருந்தது. எட்டு மணி பஸ்ஸில் அவனை ஏற்றிவிட்டேன். பஸ் படியை இரண்டு தடவை காலால் தேடினான். இருட்டு எதுவும் இல்லை, நல்ல வெயில்.

அக்டோபர் 1, ஞாயிறு

பிளைவீலைக் கடைந்து முடித்தேன். சுத்தமான வேலை. தராசில் வைத்துப் பார்த்தேன், ஒரு கிலோ ஐந்நூற்றுப் பத்து கிராம் குறைந்திருக்கிறது. சுருள் சுருளாக இரும்புத் தூள் கீழே கிடந்தது. பெருக்கித் தள்ள மனம் வராமல் ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன்.

அக்டோபர் 8, ஞாயிறு

கியர் பாக்ஸ் கீழேதான் இருக்கிறது. கையோடு கையாக கிளட்ச் மாற்றிவிடலாம். கிளட்ச் மாற்றுகிறோம், கையோடு கையாக சிலிண்டர் ஹெட்டையும் இறக்கி உள்வழிகளைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் காற்று தடையில்லாமல் போகும். வால்வு சீட்டும் பார்த்துவிடலாம்.

ராஜுலுவிடம் போனில் சொன்னேன். "நீ சொன்னா செரிடா" என்றான். மழை ஆரம்பித்துவிட்டது, இனி எப்படியும் மலைப்பாதை வழுக்கும். அவசரப்பட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. லேத்துக்கும் ட்ரில்லிங் மெஷினுக்கும் பட்டை போட்டுப் பொட்டு வைத்து, வண்டிக்கும் மாலை போட்டேன். எஞ்சின் தனியாக மேசை மேல் இருக்கிறது. அதற்குத் தனி மாலை.

ராஜுலுவும் சுலோச்சனாவும் வந்தார்கள். அவள் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். இந்த வயதில் என்ன கொஞ்சல் என்று மரகதம் கேலி செய்தாள். சுலோச்சனா சிரிக்கவில்லை. ராஜுலு குங்குமத்தை எடுத்து பானெட்டில் பொட்டு வைத்தான். அது பானெட்டில் விழவில்லை, ஹெட்லைட் கண்ணாடியில் போய் விழுந்தது. "நல்லா இருக்குதா?" என்றான். நல்லா இருக்குது என்றேன். அவர்கள் போன பிறகு துடைக்கலாம் என்று துணியை எடுத்தேன், பிறகு அப்படியே விட்டுவிட்டேன்.

கிளம்பும்போது சுலோச்சனா என்னிடம் மட்டும் கேட்டாள்: "அண்ணா, சும்மா ஓடற மாதிரியாவது சீக்கிரம் மாட்டித் தரக் கூடாதுங்களா?"

ஹெட் வேலை பாதியில் இருக்கிறது, இப்போது அவசரமாக மாட்டினால் எஞ்சின் கெட்டுவிடும் என்று விளக்கினேன். அவளுக்கு எஞ்சின் பற்றி என்ன தெரியும்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. ராஜுலு வரவில்லை. சுலோச்சனா லேகியம் கொடுத்தனுப்பியிருந்தாள்.

நவம்பர் 19, ஞாயிறு

ஹெட் கேஸ்கெட் புனேயிலிருந்து வரவேண்டும். அதுவரை சும்மா இருப்பானேன் என்று சீட்டுக்கெல்லாம் புது உறை தைக்கக் கொடுத்தேன். கருப்பு, சிவப்புத் தையல்.

நவம்பர் 27, திங்கள்

சுலோச்சனா காலையில் போன் செய்தாள். போன புதன்கிழமை ஆபரேஷன் நடந்ததாம். என்னிடம் சொல்ல வேண்டாம் என்று ராஜுலு சொல்லியிருக்கிறான்: "அவனுக்கு வேல கெட்டுரும்." பிரஷர் குறைந்திருக்கிறது. ஆனால் வலது கண்ணில் பார்வையே இல்லை. இடது கண்ணில் நடுவில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம், ஆள் நிற்பது நிழலாகத் தெரியும். நரம்பு முன்பே போய்விட்டது, யார் மேலும் தப்பு இல்லை என்று டாக்டர் சொன்னாராம்.

"யார் மேலயும் தப்பில்லீங்கண்ணா" என்று சுலோச்சனா இரண்டு தடவை சொன்னாள்.

பட்டறையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டேன். மரகதம் என்னவென்று கேட்டாள். சொன்னேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். திட்டியிருந்தால் பரவாயில்லை.

டிசம்பர் 10, ஞாயிறு

வண்டி முடிந்தது.

எழுதுவதற்கு ஒன்றும் பாக்கி இல்லை. எல்லாம் டார்க் ஸ்பானர் வைத்து அளவாக முடுக்கியது, எல்லாம் புதிது. தனியாக எடுத்துக்கொண்டு பொள்ளாச்சி ரோட்டில் போனேன். மிதித்த மாத்திரத்தில் எகிறுகிறது. திருப்பினால் திரும்புகிறது. இந்த ஐம்பத்தெட்டு வயதுக்குள் நான் செய்த வேலைகளிலேயே நல்ல வேலை இதுதான். ஆழியாறு செக் போஸ்ட் வரை போய்விட்டேன். மேலே முதல் வளைவு தெரிந்தது. அங்கேயே ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிவிட்டேன். யாருக்காக ஏறுவது.

இடது சீட் காலியாக இருப்பது எனக்குப் பழக்கமில்லை. நான்தான் அங்கே இருப்பேன்.

டிசம்பர் 17, ஞாயிறு

ராஜுலு வீட்டுக்குப் போனேன். முன்னறையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தான். என் காலடிச் சத்தத்திலேயே, "வாடா நாச்சி" என்றான். வண்டியை வாசலில் நிறுத்தியிருந்தேன். எழுந்து வந்து, சுவரைத் தொட்டுக்கொண்டே வாசலுக்கு வந்து, "ஸ்டார்ட் பண்ணு" என்றான். ஆக்சிலேட்டரைத் தட்டச் சொன்னான். தட்டினேன்.

"லேசாயிருச்சு. நல்லா எகிறுது" என்றான். "மனசுல ஒண்ணும் வச்சுக்காத."

அவன் அப்படிச் சொல்லும்படி நான் ஒன்றும் வாய் திறந்து சொல்லவில்லை. சாப்பிடாமலேயே கிளம்பிவிட்டேன்.

டிசம்பர் 31, ஞாயிறு

டைரி முடிந்தது. மரகதம் கேட்டாள், ஆறு மாசமா அதுல என்னதான் எழுதினீங்க என்று. போல்ட் கணக்கு என்றேன்.

ஜனவரி 14, ஞாயிறு

டைரியின் கடைசியில் முகவரி எழுதுகிற வெற்றுப் பக்கங்களில் எழுதுகிறேன்.

நேற்று ராஜுலு போன் செய்தான். "வண்டிய நாளைக்கு என்ற மில்லுக்குக் கொண்டா. வால்பாறை நோட்டையும் எடுத்துக்க." எதற்கு என்று கேட்டேன். "இருவதாந் தேதி வரைக்கும் எனக்கு லைசென்ஸ் இருக்குதுடா" என்றான்.

மில்லின் பின்பக்கம் பஞ்சு லாரிகள் திரும்புவதற்காகப் போட்ட சிமெண்ட் மைதானம். மூடிய கொடோன்கள், மூன்று பக்கமும் காம்பவுண்டுச் சுவர். இப்போது ஆள் நடமாட்டமே இல்லை. சுலோச்சனா எடை மேடை அறையின் படியில் உட்கார்ந்துகொண்டாள். ராஜுலு ஓட்டுநர் சீட்டில் ஏறினான். புது உறையைத் தடவிப் பார்த்தான். பிறகு ஸ்டியரிங்கின் உச்சியில் விரலால் தேடி, நூலைக் கண்டுபிடித்து, அதில் கட்டை விரலை வைத்தான்.

நான் இடது சீட்டில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தேன்.

"கைய ஹேண்ட் பிரேக் மேல வச்சுக்க" என்றான். "அன்னிக்கு வச்ச மாதிரி."

ஹேண்ட் பிரேக்கைப் பிடித்தேன்.

"தெரியுமா உனக்கு?" என்றேன்.

"என்ற காலு பிரேக்குக்குப் போறதுக்கு முன்னாலயே பின்வீலு பூட்டிருச்சு. பதிமூணு வருசம் ஓட்டுன வண்டி, எனக்குத் தெரியாதா? நீ மட்டும் இழுக்காம இருந்திருந்தா அந்தப் பால்காரன் செத்திருப்பான். எனக்கு அவன் வந்ததே தெரியல. வீட்டுக்குப் போயி சுலோச்சனாகிட்டச் சொன்னேன், நாச்சி பயந்துட்டான்னு. நீயே வாயத் தொறந்து சொல்லுவேன்னு ஒரு வாரம் பாத்தேன். நீ சொல்லல."

"எப்படிடா சொல்லுவேன்? உன்கிட்டப் போயி, உன்ற பக்கத்துல உக்கார எனக்குப் பயமா இருக்குதுன்னு."

"அதான். செரி, நாமளே சொல்லிரலாம்னுதான் அன்னிக்கு வந்தேன். நீ ஓட்டு, நான் இந்தப் பக்கம் உக்காந்து பாத்துட்டே வர்றேன்னு. எலுமிச்சஞ்சோறெல்லாம் கட்டிக்கிட்டு. வந்தா வண்டி ஸ்டாண்டுல நிக்குது."

"அப்பவாவது சொல்லியிருக்கலாமில்ல."

"கியர் பாக்ஸ் இல்லாத வண்டிய யார் ஓட்டுனா என்னடா?" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். "அன்னிக்குப் போயிருந்தா ஒம்போதாவது வளைவுல நின்னு டேமைப் பாத்திருப்பேன். அப்ப எனக்கு நேர்ல நல்லாத் தெரியும். செரி உடு. படி."

படித்தேன். முதல் பக்கத்தை இரண்டு தடவை படித்தேன். "இடது மூணு. இருபது. வலது ஒண்ணு, உள்ளே கல்." அவன் இரண்டாவது கியரில், நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம் கூட வேகத்தில், நான் சொன்ன இடத்தில் சொன்ன அளவு திருப்பினான். நோட்டில் அறுபது மீட்டர் என்று இருந்தால் இருபது என்றேன். சுவர் நெருங்கினால் நானாக ஒரு வலதைச் சேர்த்தேன்.

"இந்த வலது நோட்டுல இல்லியே."

"ரோட்ட மாத்திட்டாங்க."

"நீ சொல்றது செரி" என்றான்.

ஒன்பதாவது வளைவில், "நிறுத்தறேன்" என்று அவனாகவே நிறுத்தினான். எதிரே பூட்டிய கொடோன் கதவு. "டேம் தெரியுதா?"

"தெரியுது."

"தண்ணி?"

"நெறஞ்சிருக்குது. வெயில் பட்டு மின்னுது. சுவத்து மேல ரெண்டு வரையாடு நிக்குது."

அவன் முகத்தை அந்தக் கதவின் பக்கமே கொஞ்ச நேரம் வைத்திருந்தான். நான் அவனைப் பார்க்காமல் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கியர் போட்டான்.

நாற்பதையும் படித்து முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. ஒரு தடவை கூட ஹேண்ட் பிரேக்கை நான் இழுக்கவில்லை. கடைசி வளைவைச் சொல்லி, "முடிஞ்சுது" என்றேன். அவன் நேராக நிறுத்தி, நூலை விரலால் தொட்டுப் பார்த்து, எஞ்சினை அணைத்து, சாவியை என் கையில் கொடுத்தான்.

"நல்லாப் பண்ணியிருக்கே நாச்சி. ஒன்றரைக் கிலோ எடுத்தது தெரியுது."

சுலோச்சனா எழுந்து வந்தாள். அவள் அவனை இறக்கிக் கூட்டிப்போகும் வரை நான் சீட்டிலேயே இருந்தேன்.

வீட்டுக்கு வந்து இந்த டைரியை முதலிலிருந்து படித்தேன். ஒரு திருத்தம் எழுத வேண்டியிருக்கிறது.

செப்டம்பர் 23, சனி: வண்டி ஓடுகிற நிலையில் இருந்தது. கியர் பாக்ஸில் கோளாறு இல்லை. பிளைவீலிலும் இல்லை. நான் பயந்துபோய்க் கழற்றினேன்.